பாட்டு நின்றால் காரணத்தைத் தேடுங்கள்: காரில் ஆம்பிளிஃபயர் ஏன் அணைந்து அணைந்து வருகிறது?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவருக்குக் கார் ஆம்பிளிஃபயரில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நான் படித்தது பி.காம். எலெக்ட்ரானிக்ஸ் எனக்குப் பொழுதுபோக்கு. ஆனால் இந்தத் தலைப்பைப் பொழுதுபோக்குக்காக எடுத்துக்கொள்ளவில்லை. நம் கார்கள் எல்லாம் கீழ்த்தளப் பார்க்கிங்கில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. அவற்றில் சிலவற்றில் வெளியே வாங்கிப் பொருத்திய ஆம்பிளிஃபயரும் சப்வூஃபரும் இருக்கின்றன. அதற்காகப் பேட்டரியிலிருந்து டிக்கி வரை இழுத்த வயர் சரியில்லை என்றால், அது அந்த ஒரு காரோடு நிற்கிற விஷயம் இல்லை. அந்தப் பார்க்கிங்குக்கு மேலேதான் நாம் எல்லோரும் படுத்துத் தூங்குகிறோம்.

முதலில் புகார் என்ன என்று பார்ப்போம். பாட்டு நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும். திடீரென்று நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் தானாக வரும், மறுபடி நிற்கும். கடைக்குக் கொண்டுபோனால், "ஆம்ப் போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்பார்கள்.

பெரும்பாலான சமயங்களில் ஆம்பிளிஃபயர் போயிருக்காது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது தானாக நிற்கிறது. மின்னழுத்தம் குறைந்தால் நிற்கும். அளவுக்கு மேல் மின்சாரம் இழுக்கவேண்டி வந்தால் நிற்கும். சூடு ஏறினால் நிற்கும். ஸ்பீக்கர் வயர் எங்காவது ஷார்ட் ஆனால் நிற்கும். இதற்கெல்லாம் உள்ளேயே ஒரு பாதுகாப்புச் சுற்று வைத்திருக்கிறார்கள். கணக்கில் பணம் இல்லாத செக்கைக் கேஷியர் திருப்பிக் கொடுக்கிறார். கேஷியரை மாற்றினால் பணம் வந்துவிடுமா? கணக்கைத்தான் பார்க்கவேண்டும்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் வங்கியில் மாலை நேரத்தில் கணக்கு டேலி ஆகாவிட்டால் எல்லா வவுச்சரையும் முதலிலிருந்து புரட்டமாட்டோம். வித்தியாசம் எவ்வளவு என்று பார்ப்போம். அந்தத் தொகை 9ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருக்கலாம். 557 என்பதை 575 என்று எழுதினால் வித்தியாசம் 18. வித்தியாசம் 500 என்றால், 250 ரூபாய் பற்றில் போகவேண்டியது வரவில் போயிருக்கிறதா என்று தேடுவோம். வித்தியாசத்தின் உருவமே பிழை இருக்கும் இடத்தைச் சொல்லும்.

ஆம்பிளிஃபயருக்கும் இதே வழிதான். எப்போது நிற்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். ஸ்குரூ டிரைவரை அப்புறம் எடுக்கலாம். ஒரு வாரம் ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வைத்தால் போதும். ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்க்கட்டும், பக்கத்தில் இருப்பவர் குறிக்கட்டும்.

பேஸ் பலமாக அடிக்கும்போது மட்டும் நின்றால், மின்னழுத்தம் குறைகிறது அல்லது ஸ்பீக்கர் சுமை அதிகம். ஹெட்லைட்டும் ஏசியும் போட்டிருக்கும்போது மட்டும் நின்றால், மின்னழுத்தம்தான் என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம். அரை மணி நேரம் பாடிய பிறகு நின்று, கால் மணி நேரம் ஆறவிட்டால் வருகிறது என்றால், சூடு. வேகத்தடையிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கும்போது நின்றால், எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. பாட்டு ஆரம்பிக்கும் முன்பே, ஆன் செய்த உடனே நின்றால், ஷார்ட் அல்லது உள்ளே உண்மையான பழுது.

இரண்டாவதாக விளக்கைப் பாருங்கள். பெரும்பாலான ஆம்பிளிஃபயர்களில் பச்சை அல்லது நீல நிறத்தில் பவர் விளக்கும், சிவப்பில் புரொடெக்ட் விளக்கும் இருக்கும். சில மாடல்களில் ஒரே விளக்கு நிறம் மாறும். பாட்டு நின்ற அந்த நிமிடத்தில் ஒருவர் டிக்கியைத் திறந்து பார்க்கவேண்டும். விளக்கே இல்லை என்றால், மின்சாரம் வரவில்லை அல்லது ரிமோட் வயரில் கோளாறு. சிவப்பு எரிந்தால், பாதுகாப்புச் சுற்று வேலை செய்கிறது. பச்சை எரிகிறது, ஆனால் சத்தம் இல்லை என்றால், ஸ்டீரியோவிலிருந்து வரும் ஆர்.சி.ஏ. வயரையோ ஸ்பீக்கர் வயரையோ பாருங்கள்.

ரிமோட் வயர் என்பது ஸ்டீரியோவிலிருந்து ஆம்பிளிஃபயருக்குப் போகும் மெல்லிய வயர், பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். ஸ்டீரியோவை ஆன் செய்தால் அதில் 12 வோல்ட் வரும். "நான் விழித்துவிட்டேன், நீயும் எழுந்திரு" என்று சொல்வதுதான் அதன் வேலை. அது எங்காவது தளர்ந்திருந்தால் ஆம்பிளிஃபயர் மேல் ஒரு குற்றமும் இல்லாமலே அணைந்து அணைந்து வரும்.

மூன்றாவதாக ஒரு மல்டிமீட்டர் வேண்டும். சாதாரண டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்க்கு டவுன் ஹால் ரோட்டுக் கடைகளில் கிடைக்கிறது. அதை டிசி வோல்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஓடவேண்டிய சோதனையைக் கீழ்த்தளத்தில் செய்யாதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மூடிய இடத்தில் அது ஆளைக் கொல்லும். காரைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

நல்ல நிலையில் இருக்கும் பேட்டரி, இன்ஜின் ஓடாதபோது சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12க்குக் கீழே போனால் அநேகமாகக் காலி. இன்ஜின் ஓடும்போது பல கார்களில் 13.8 முதல் 14.4 வரை இருக்கும். பாட்டு ஓடும்போது பேட்டரியில் ஒரு முறை, ஆம்பிளிஃபயரின் முனைகளில் ஒரு முறை அளந்து, இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் காணாமல் போன வோல்ட் எங்கே போனது என்பதுதான் கேள்வி.

நம் குடியிருப்பில் ஒரு தம்பி, பெயர் வேண்டாம், பழைய கார் ஒன்று வாங்கினார். டிக்கியில் ஆம்பிளிஃபயர் ஏற்கனவே இருந்தது. பேஸ் அடித்தால் நின்றுவிடும். இரண்டு இடங்களில் காட்டினார். இரண்டு இடத்திலும் புதிய ஆம்பிளிஃபயர் என்றார்கள். வாங்குவதற்கு முன் என்னிடம் சொன்னார். இருவருமாக அளந்து பார்த்தோம்.

பேட்டரியில் 13.8 வோல்ட். பேஸ் பலமாக அடிக்கும்போது ஆம்பிளிஃபயர் முனையில் 10.6. மூன்றேகால் வோல்ட் போல வழியிலேயே காணவில்லை. பிறகு பிரித்து அளந்தோம். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஆம்பிளிஃபயரின் பாசிட்டிவ் வரை 1.5 வோல்ட் இழப்பு. பேட்டரியின் நெகட்டிவிலிருந்து ஆம்பிளிஃபயரின் எர்த் முனை வரை 1.7 வோல்ட் இழப்பு. இரண்டையும் கூட்டினால் 3.2. கணக்கு டேலி ஆனது.

பாசிட்டிவ் பக்கத்தில் இருந்தது வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், ஐந்து மீட்டர் நீளம். ஓம் என்ற ஜெர்மானிய ஆசிரியர் 1827இல் வெளியிட்ட விதிதான் இதற்குக் கணக்கு: மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் இழக்கும் வோல்ட் கிடைக்கும். அந்தச் செம்பு வயர் மீட்டருக்குச் சுமார் 0.0074 ஓம். ஐந்து மீட்டருக்கு 0.037. 40 ஆம்பியர் ஓடினால் 1.48 வோல்ட். மீட்டர் காட்டியதும் அதுதான். அதே இடத்தில் 16 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டால் இழப்பு கால் வோல்ட்டுக்குள் முடிந்துவிடும்.

எர்த் பக்கத்தில், பெயின்ட்டின் மேலேயே ஒரு போல்ட்டை முறுக்கி வைத்திருந்தார்கள். பெயின்ட்டில் மின்சாரம் பாயாது, போல்ட்டின் மரை வழியாகத்தான் ஏதோ கொஞ்சம் போய்க்கொண்டிருந்தது. எர்த் வயர் ஒரு முழத்துக்கு மேல் நீளமாக இருக்கக்கூடாது. பாசிட்டிவ் வயருக்குச் சமமான தடிமன் வேண்டும். உப்புத்தாள் போட்டு வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, லக் வைத்து முறுக்கி, மேலே துருப்பிடிக்காமல் கொஞ்சம் கிரீஸ் தடவவேண்டும். முறுக்கிய பிறகு அந்த இழப்பு 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்குள் வந்தால் நல்லது.

வயரையும் எர்த்தையும் மாற்றிய பிறகு ஆம்பிளிஃபயர் முனையில் 13.3 வோல்ட் வந்தது. பழைய ஆம்பிளிஃபயரே இன்றும் பாடுகிறது.

இனி நான் சொல்லப்போவது, பாட்டே கேட்காதவர்களுக்கும் உரியது. காணாமல் போன அந்த 3.2 வோல்ட் எங்கே போனது? சூடாக மாறியது. 3.2ஐ 40ஆல் பெருக்குங்கள், 128 வாட். பழைய 100 வாட் குண்டு பல்பைக் கையால் தொட்டவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். அதைவிட அதிகமான சூடு, அந்தக் காரின் தரை விரிப்புக்கு அடியிலும் டிக்கியின் ஓரத்திலும் பேஸ் அடிக்கும்போதெல்லாம் உண்டாகிக்கொண்டிருந்தது.

அதைவிடப் பெரிய விஷயம் பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்தது. ஃபியூஸ் ஹோல்டரைத் திறந்தால் உள்ளே ஃபியூஸ் இல்லை. அடிக்கடி போகிறது என்று முன்பு வைத்திருந்தவரோ, யாரோ, ஒரு தடித்த செம்புக் கம்பியைச் செருகி வைத்திருந்தார்கள். அந்த வயர் ஏதாவது ஒரு கூரான தகட்டில் உரசித் தோல் கிழிந்து பாடியைத் தொட்டிருந்தால் என்ன ஆகும்? 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே என்கிறோம். ஷாக் அடிக்காது. ஆனால் ஷார்ட் ஆனால் கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொடுக்கும். வயர் பழுத்துவிடும். இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துக்கொண்டு நாம் மாடிக்கு வந்தபிறகும் அந்த வயரில் பேட்டரி இணைப்பு இருந்துகொண்டேதான் இருக்கும்.

ஃபியூஸ் ஆம்பிளிஃபயரைக் காப்பதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். ஆம்பிளிஃபயரின் உடம்பிலேயே இருக்கும் ஃபியூஸ் அதற்கானது. பேட்டரிக்குப் பக்கத்தில் போடும் ஃபியூஸ் வயரைக் காப்பதற்கு. அதனால் அது பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கவேண்டும். டிக்கியில் வைத்தால் நடுவில் உள்ள ஐந்து மீட்டருக்கும் காவல் இல்லை. ஃபியூஸின் அளவு அந்த வயர் தாங்கும் ஆம்பியரைத் தாண்டக்கூடாது. ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் காரணத்தைத் தேடவேண்டும். பெரிய ஃபியூஸ் போடுவது, கம்பி செருகுவது, சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றுவது எல்லாம் காவல்காரரைத் தூங்க வைக்கும் வேலை.

மின்னழுத்தம் சரியாக இருந்தும் சிவப்பு விளக்கு எரிகிறதா? ஸ்பீக்கர் சுமையைப் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே முனையில் இணையாகச் சேர்த்தால் சுமை 2 ஓம் ஆகிவிடும், மின்சாரம் இரண்டு மடங்கு இழுக்கும். இரண்டு சேனலை ஒன்றாக்கி பிரிட்ஜ் முறையில் ஓட்டினால் பல ஆம்பிளிஃபயர்கள் 4 ஓமுக்குக் கீழே தாங்காது. எத்தனை ஓம் வரை தாங்கும் என்பது முனைக்குப் பக்கத்திலோ கையேட்டிலோ அச்சடித்திருக்கும்.

ஆம்பிளிஃபயரை அணைத்து, ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி, மீட்டரை ஓமில் வைத்து அளங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றேகால் முதல் மூன்றரை வரை காட்டினால் சரி. அரை ஓம் காட்டினால் ஷார்ட் அல்லது காயில் எரிந்திருக்கிறது. ஸ்பீக்கர் வயருக்கும் கார் பாடிக்கும் நடுவே அளந்தால் எந்த இணைப்பும் காட்டக்கூடாது. காட்டினால் கதவுக் கீல் பக்கத்தில் வயர் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லா ஸ்பீக்கரையும் கழற்றிய பிறகும் சிவப்பு எரிகிறதா? ஆர்.சி.ஏ. வயரையும் கழற்றுங்கள். அப்போதும் எரிந்தால்தான் ஆம்பிளிஃபயர் உள்ளே பழுது என்று சொல்லலாம். கடைக்காரர் சொல்லவேண்டிய வார்த்தை இந்த இடத்தில்தான் வருகிறது.

அடுத்து சூடு. இதைப் பற்றி மதுரைக்காரர்களுக்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை. கத்திரி வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் 50 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். ஆம்பிளிஃபயர் அந்தச் சூட்டிலிருந்துதான் தன் வேலையைத் தொடங்குகிறது. ஏ.பி. வகை ஆம்பிளிஃபயர் இழுக்கும் மின்சாரத்தில் பாதிக்குப் பக்கமாகச் சூடாகவே போகும். டி வகையில் இழப்பு குறைவு, 80 சதவீதமோ அதற்கு மேலோ ஒலிக்குப் போகும். எதுவானாலும் சீட்டுக்கு அடியில் விரிப்பைப் போட்டு மூடி வைத்தால், டிக்கியில் அதன் மேலேயே பையை வைத்தால், அதற்கு மூச்சு விட இடமில்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் வண்டியூருக்கு வரும் இரவுகளில் மைக் செட்காரர்களைக் கவனித்திருப்பீர்கள். ஆம்பிளிஃபயரைக் காற்றுப் படும்படி வைத்திருப்பார்கள், அதன் மேல் துணியைப் போட விடமாட்டார்கள். விடிய விடிய ஓடவேண்டிய சாதனத்துக்கு அது தேவை என்று அனுபவத்தில் தெரிந்தவர்கள்.

இன்னொன்று, கெயின் திருகு. அதை வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருப்பி வைக்கிறார்கள். ஸ்டீரியோவின் சிக்னல் அளவுக்கு ஆம்பிளிஃபயரைப் பொருத்துவதற்குத்தான் அது இருக்கிறது. முழுக்கத் திருப்பினால் ஒலி சிதையும், சூடு ஏறும், ஸ்பீக்கரின் காயில் கருகும். ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து, கெயினை மெல்ல ஏற்றி, ஒலி கரகரப்பாகும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்திவிடுங்கள்.

புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு கிளார்க்கின் யோசனை. பெட்டியின் மேல் 1200 வாட் என்று போட்டிருப்பான். திருப்பி ஃபியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் ஃபியூஸ் என்றால், 13.8ஆல் பெருக்கினால் 414 வாட். அதுதான் அது தொடர்ந்து உள்ளே வாங்கக்கூடியது. அதில் முக்கால் பங்கு வெளியே வந்தால் 310. வரவு 414 இருக்க, செலவு 1200 என்று எழுதினால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார். வயரிலும் இந்த ஏமாற்று உண்டு. செம்பு பூசிய அலுமினிய வயரைச் செம்பு வயர் போலவே விற்கிறார்கள். அதே அளவில் அது அவ்வளவு மின்சாரம் தாங்காது. முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம்.

காரோடு கம்பெனியில் வராத மின் சாதனங்கள் சாதாரண இன்சூரன்ஸ் பாலிசியில் தானாகச் சேராது. இந்திய மோட்டார் டாரிஃபில் ஐ.எம்.டி. 24 என்று இதற்கு ஒரு பிரிவு இருக்கிறது. அதன்படி சாதனத்தின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கவேண்டும். பத்தாயிரம் ரூபாய் ஆம்பிளிஃபயருக்கு 400 ரூபாய். உங்கள் பாலிசியில் இப்போது என்ன விகிதம் என்று ஏஜெண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். நாளைக்கு ஏதாவது நடந்து, சர்வேயர் வந்து பார்க்கும்போது, பாலிசியில் இல்லாத வயர் காரில் இருந்தால் பேச்சு நீளும்.

ஆம்பிளிஃபயர் சரியானபின் இன்னொரு புகார் வரக்கூடாது. ஒலி மாசு விதிகள் 2000இன்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும், மாத்திரை போட்டுப் படுக்கும் பெரியவர்களும் நம் கட்டடத்தில் இருக்கிறார்கள்.

கடைசியாக மூன்று வேண்டுகோள். ஆம்பிளிஃபயர் உள்ள கார் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே பானெட்டைத் திறந்து, பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் இருக்கிறதா, அதற்குள் இருப்பது உண்மையான ஃபியூஸ்தானா என்று பாருங்கள். பழைய கார் வாங்கியவர்கள் கட்டாயம் பாருங்கள், முன்பு வைத்திருந்தவர் என்ன செய்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. இரண்டாவது, பேட்டரியில் எதையும் கழற்றுவதானால் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது நெகட்டிவைக் கடைசியில் மாட்டுங்கள், மோதிரம், கைச்செயினைக் கழற்றி வைத்துவிடுங்கள். மூன்றாவது, சங்கத்துக்கு: கீழ்த்தளத்தில் உள்ள தீயணைப்பான்களின் காலாவதித் தேதியைச் செயலாளர் அவர்கள் ஒருமுறை பார்த்துப் பலகையில் எழுதி வைக்கவேண்டும்.

என்னுடைய மல்டிமீட்டரைச் சங்க அலுவலகத்தில் கொடுத்து வைக்கிறேன். நோட்டில் கையெழுத்துப் போட்டு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அளக்கத் தெரியாவிட்டால், காலை நடைக்குப் பிறகு ஏழு மணிக்கு மேல் நான் கீழேதான் இருப்பேன், கூப்பிடுங்கள், வருகிறேன்.